குண்டு விழுந்த தூரம்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறவர்கள் பொதுவாக அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சென்ற ஆனி மாதத்தில் நாங்களும் அப்படித்தான் திரும்பியிருப்போம். உள்ளூர் நண்பர் விடவில்லை. "கோட்டையைப் பாக்காமப் போனா எப்படி?" என்று கெடிலத்தின் கரையோரமாக அழைத்துச் சென்றார். அங்கே கோட்டை இல்லை. முட்செடிகளும் செங்கற் சுவர்களின் சில மிச்சங்களுமே இருந்தன.

புனித டேவிட் கோட்டை என்று ஆங்கிலேயர் அழைத்த இடம் அது. 1690இல் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை அளந்த விதம்தான் விசித்திரமானது. சங்கிலியும் இல்லை, அளவுகோலும் இல்லை. பீரங்கியை நாற்புறமும் சுடுவது. குண்டு போய் விழும் தொலைவுக்குள் உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அவ்வூர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரும், குண்டுச் சாலை என்ற பெயரும் இன்றும் கடலூரில் வழங்குகின்றன. நல்ல பீரங்கியாகத் தேர்ந்தெடுத்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

நண்பரின் சொந்த ஊர் அந்த எல்லைக்குள் வருவது. "காலேஜ்ல என்னைக் குண்டூர்க்காரன்னு கேலி பண்ணுவாங்க. நானும் ரொம்ப நாள் யாரோ குண்டு ஆளு பேர்ல ஊர் இருக்குன்னே நெனச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சற்றுப் பொறுத்து, "விக்கிறவனையும் வாங்குறவனையும் எழுதி வச்சிருக்கான். தலைக்கு மேல குண்டு போனப்ப ஊர்ல இருந்தவன் என்ன நெனச்சான்னு யார் எழுதினா?" என்று கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது இந்தக் கோட்டையே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. 1752 வரை அந்த நிலை. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த கிளைவ் என்னும் இளைஞர் 1756இல் இதற்கு ஆளுநரானார். 1758 ஜூனில் லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. நாங்கள் பார்த்த செங்கற்கள் அந்த இடிப்பிலும் கடற்காற்றிலும் தப்பியவை.

மஞ்சக்குப்பம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூர் சென்றோம். ஜெயகாந்தன் 1934இல் பிறந்த ஊர் முன்னது. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்த ஊர் பின்னது. இந்த அருகாமையைப் பற்றி எங்களுக்குள் மூண்ட வாதத்தை இங்கே விரிக்கவில்லை. அருகில் கரையேறவிட்ட குப்பம் என்றோர் ஊர் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்பது மரபு. இந்தப் பக்கத்தில் வரலாற்றைக் கல்லில் தேடுவதைவிட ஊர்ப்பெயர்களில் தேடினால் விரைவில் கிடைக்கிறது.

மதிய உணவு முதுநகரில், துறைமுகத்துக்கு அருகே ஒரு சிறிய கடையில். வஞ்சிரக் குழம்பு செக்கச்செவேலென்றிருந்தது. கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டோம்.

சிதம்பரம் செல்லும் வழியில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் சாலையைக் காட்டினார் நண்பர். பரங்கியர் என்று நம்மவர் அழைத்த போர்ச்சுகீசியரின் பெயரைத் தாங்கிய ஊர். 1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலியை ஐயர் கூட் தோற்கடித்தது அங்கேதான். அதற்குச் சில நாட்களுக்கு முன் சிதம்பரத்தில் அதே கூட் தோற்றுப் பின்வாங்கியிருந்தார். தோற்ற இடம் நடராசர் கோயில். ஹைதரின் படை அந்த மதில்களுக்குள் இருந்தது. கர்நாடகப் போர்களில் கோயிலைக் கோட்டையாகப் பயன்படுத்தாத தரப்பு அநேகமாக இல்லை. போருக்கென்றே கட்டிய கோட்டை முட்செடியாகிவிட, போருக்குச் சம்பந்தமில்லாத கோயில் நின்றுகொண்டிருக்கிறது. மாலை வெயிலில் கோபுரத்து வாயிலில் நூற்றெட்டுக் கரணங்களை அண்ணாந்து பார்த்தபோது, இவற்றின் கீழே வெடிமருந்து அடுக்கியிருப்பார்கள் என்று எண்ணவே கூசியது.

இரவு உணவு தெற்கு வீதிக்குப் பின்புறம் ஒரு சந்தில், நண்பரின் அத்தை வீட்டில். சம்பா சாதமும் கொத்சும். சாதத்தில் மிளகு, சீரகம், நெய். கொத்சில் சுட்ட கத்தரிக்காய், புளி, வறுத்து அரைத்த தனியாவும் காய்ந்த மிளகாயும். ஒரே இலையில் மிளகும் மிளகாயும் அடுத்தடுத்து இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். முன்னது இம்மண்ணின் பழைய காரம். பின்னது அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, பதினாறாம் நூற்றாண்டில் பரங்கியர் கப்பலில் வந்தது; மிளகின் பெயரையே இரவல் வாங்கிக்கொண்டது. பறங்கிக்காயாவது வந்த வழியைத் தன் பெயரில் ஒப்புக்கொள்கிறது. மதியக் குழம்பின் சிவப்பும் அக்கப்பலில் வந்ததுதான்.

இதை அத்தையிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. "கொல்லையில காய்க்கிறத எவனோ கொண்டாந்தாங்கறீங்களே, நல்லா இருக்கு" என்று நண்பரைப் பார்த்தார். "இவங்களுக்கு இன்னும் ரெண்டு கரண்டி கொத்சு ஊத்துடா." ஊற்றினார். கடலூருக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது.