சாயமும் நீரும்: கட்ச் நாட்டு அஜ்ரக் துணியின் வரலாறு

இஹ்ராமில் இருந்த நபித்தோழர் தல்ஹா இப்னு உபைதில்லாஹ் (ரலி) அவர்களின் ஆடையில் நிறம் ஏறியிருப்பதைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கண்டு, இது என்ன என்று வினவினார்கள். வெறும் மண்ணால் ஏறிய நிறம்தான் என்று தல்ஹா (ரலி) விடையளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அவ்விளக்கத்தோடு அமைதியடையவில்லை. மக்கள் உங்களைப் பார்த்து நடப்பவர்கள்; விவரம் அறியாத ஒருவர் இதைக் கண்டால், இஹ்ராமில் சாய ஆடை கூடும் என்று எண்ணிக்கொள்வாரே என்பது அவர்களின் கவலை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஒரு துணியின் நிறம் எதிலிருந்து வந்தது என்பது அந்த முதல் தலைமுறைக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாக இருந்தது. குங்குமப்பூவும் வர்ஸ் என்னும் யமன் நாட்டு மஞ்சள் சாயமும் பட்ட ஆடையை இஹ்ராமில் அணியலாகாது. குசும்பாப் பூவின் சாயமேற்றிய ஆடை ஆண்களுக்குத் தடுக்கப்பட்டதாக நபிமொழிகள் உள்ளன. கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண் சாய ஆடைகளைத் தவிர்க்க வேண்டும். ஆனால் ‘அஸ்ப்’ துணிக்கு அவளுக்கு விலக்கு உண்டு. அஸ்ப் என்பது நெய்வதற்கு முன்பே நூலை ஆங்காங்கே கட்டிச் சாயமேற்றி, அதன்பின் தறியில் ஏற்றிய யமன் துணி. சாயம் நூலில் ஏறியதா, நெய்த துணியில் ஏறியதா என்ற நுட்பம்கூட மார்க்கச் சட்டத்துக்குள் வந்திருப்பதைக் கவனிக்கலாம். ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் இன்னும் ஒரு படி செல்கின்றன. ஒருவன் பிறர் துணியை அபகரித்து அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டால், உரியவர் வெள்ளைத் துணியின் விலையைப் பெற்றுக்கொள்ளலாம். அல்லது சாயத்தால் கூடிய மதிப்பைக் கொடுத்துவிட்டுத் துணியையே எடுத்துக்கொள்ளலாம் என்று அவை பேசுகின்றன. சாயக்காரரின் உழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு என்பது இச்சட்டத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அந்த உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்துவரும் முஸ்லிம் குடும்பங்கள் நம் நாட்டில் இன்றும் உள்ளன. குஜராத்தின் கட்ச் பகுதியில் வாழும் கத்ரிகள் அவர்கள். அவர்கள் ஆக்கும் துணிக்கு அஜ்ரக் என்று பெயர். ஆழ்ந்த நீலமும் செம்மையும் கருமையும் வெண்மையும் கலந்த, வடிவக்கணித அச்சுகள் நிறைந்த பருத்தித் துணி. நீலத்தைக் குறிக்கும் ‘அஸ்ரக்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். ‘இன்று வைத்திரு’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது என்று உள்ளூரில் வேறொரு விளக்கமும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் பின்னர் துணியை ஒரு நாள் ஆறவிட வேண்டியிருப்பதால், இந்த இரண்டாவது விளக்கத்தையும் வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

கட்ச் அரசர் ராவ் பார்மலின் காலத்தில், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன், இக்குடும்பங்களின் முன்னோர் சிந்துவிலிருந்து அழைத்துவரப்பட்டனர். ஓடும் நீரைத் தேடி ஸாரண் ஆற்றங்கரையில் தமட்கா என்னும் ஊரில் குடியேறினர். சில தலைமுறைகளுக்குப் பின் குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கட்ச்சின் முஸ்லிம் மேய்ப்பர்களே அவர்களின் முதன்மையான வாடிக்கையாளர்கள். ஆடு மாடு மேய்க்கும் ஆண்கள் அஜ்ரக்கைத் தோளில் போட்டனர், தலையில் கட்டினர், இடுப்பில் உடுத்தினர்.

இக்கலையின் வேர் அதனினும் பழையது. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் 641இல் எகிப்தில் நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் இடிபாடுகளிலிருந்து, குஜராத்தில் அச்சிட்டுச் சாயமேற்றிய பருத்தித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் ஏறத்தாழ 1,200 துண்டுகள் உள்ளன. அவற்றுள் சில ஆயிரம் ஆண்டு பழைமை உடையவை. கப்பலேறிச் சென்ற அந்தத் துணிகள் கிழிந்து, குப்பையில் எறியப்பட்டு, எகிப்தின் வறண்ட மண்ணில் புதைந்து கிடந்தன. அத்தனை நூற்றாண்டுக்குப் பின்னும் அவற்றின் நீலமும் சிவப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன.

அந்த நிறம் எப்படி நிலைத்தது? வெள்ளைத் துணியை முதலில் ஒட்டகச் சாணம், காரம், ஆமணக்கெண்ணெய் கலந்த நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் ஊறவைக்கின்றனர். துணியைத் தேய்த்தால் நுரை எழும்வரை இது தொடரும். (சாணம் பட்ட துணி குறித்து ஷாஃபிஈ வாசகர்களுக்குக் கேள்வி எழலாம், அத்துணி அதன்பின் சுவடு எஞ்சாமல் பலமுறை நீரில் அலசப்படுகிறது.) அடுத்து, கடுக்காய்க் கரைசலில் தோய்க்க, துணி மங்கிய மஞ்சளாகும். வெண்மையாக நிற்க வேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பால் மர அச்சு கொண்டு பதிக்கின்றனர். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவால் கெட்டியாக்கிய குழம்பு கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் குழம்பு இடுவர். அது இடும்போது சிவப்பாகத் தெரியாது. பின்னர் செப்பு அண்டாவில் மஞ்சிட்டி வகை வேரோடு கொதிக்கும்போதுதான், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அவுரி நீலத் தொட்டியில் முங்கி எழும் துணியோ பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். இவ்வாறு 16 படிகள் வரை எண்ணுவர். ஒவ்வோர் அலசலுக்கும் நீர் வேண்டும்.

1868இல் ஜெர்மனியின் கிரேபேயும் லீபர்மானும் மஞ்சிட்டி வேரின் செந்நிறப் பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டுவோரும் அவுரி பயிரிடுவோரும் உலகெங்கும் தொழில் இழந்தனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமட்காவும் இரசாயனச் சாயத்துக்கு மாறிற்று. விரைவு, மலிவு, உழைப்புக் குறைவு என எல்லாக் காரணங்களும் அதன் பக்கமே இருந்தன. அதற்குள் மேய்ப்பர்களும் ஆலையில் அச்சிட்ட மலிவான செயற்கை இழைத் துணிக்குப் போய்விட்டனர்.

1970களில் முஹம்மது ஸித்தீக் கத்ரி என்பவர் பழைய சாயங்களுக்குத் திரும்ப முடிவு செய்தார். பழைய முறையை அறிந்தவர்கள் குறைந்துகொண்டிருந்த நேரம் அது. தம் மக்கள் அப்துர் ரஸாக், இஸ்மாயீல், அப்துல் ஜப்பார் மூவருக்கும் அதைக் கற்பித்தார். குஜராத் அரசின் கைவினை விற்பனை நிலையமான குர்ஜரி வழியாக நகரத்து வாங்குவோர் கிடைத்தனர். இன்னும் இருபது ஆண்டு தாமதித்திருந்தால் கற்பிக்க ஆள் இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர் மகன் இஸ்மாயீலுக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை: கட்ச்சில் இன்று விற்கும் அஜ்ரக் அனைத்தும் வேரின் சிவப்பு அன்று, செயற்கை அலிசரினும் புழங்குகிறது.

சாயம் திரும்பி வந்தது, நீர் போயிற்று. 1980களின் இறுதியில் ஸாரண் ஆறு வற்றியது. நிலத்தடி நீரும் இறங்கிக்கொண்டே சென்றது. 2001 ஜனவரி 26 காலை, 7.7 அளவில் நிலநடுக்கம் கட்ச்சைத் தாக்கியது. தமட்காவின் வீடுகளும் பட்டறைகளும் இடிந்தன, உயிர்கள் போயின. அதன் பின் கிடைத்த நீரில் இரும்பு மிகுந்திருந்தது. குடிக்கும் நீருக்கு அது ஒரு குறை. சாயக்காரருக்கோ முழு நட்டம். கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பது அவர்களின் தொழில் இரகசியம். அதே இரும்பு இப்போது நீரில் கலந்து, வேண்டாத இடமெல்லாம் நிறத்தை மங்கச் செய்தது. எனவே பல குடும்பங்கள் புஜ் நகருக்கு அருகே நிலம் வாங்கி, அஜ்ரக்பூர் என்று பெயரிட்டுப் புதிய ஊரையே எழுப்பின. துணியின் பெயரை ஊருக்கு இட்டனர். வேறு சிலர் தமட்காவிலேயே தங்கி, இன்றும் அங்கே தொழில் செய்கின்றனர். அஜ்ரக்பூரில் சாயத்தொட்டியின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி மறுபடி பயன்படுத்தவும் முயன்றுள்ளனர்.

இதைப் படிக்கையில் நொய்யலை நினையாமல் இருக்க முடியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உழவர்களின் நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூட ஆணையிட்டது. கட்ச்சில் நீர் போனதால் சாயம் நின்றது. இங்கே சாயத்தால் நீர் போயிற்று. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்ற கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்கள் குறை சொல்வர். ஆயினும் விரயத்தைக் கண்டிக்கும் குர்ஆனின் போதனையில் யாருக்கும் ஐயம் இல்லை.

கட்ச்சிலும் சிந்துவிலும் நைந்துபோன அஜ்ரக்கைப் பெண்கள் எறிவதில்லை. பழைய துணிகளை வெட்டி, அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் இட்டு ‘ரல்லி’ என்னும் போர்வையாகத் தைக்கின்றனர். மகளின் திருமணச் சீரிலும் அது இடம்பெறும். நம் வீட்டிலும் பழைய வெள்ளைக் கைலியோ மல் துணியோ கொண்டு அவ்வாறு தைக்க விரும்புவோர், நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் படிகாரமும் மஞ்சிட்டியும் வாங்கித் துணிக்கு நிறமேற்றிப் பார்க்கலாம். சமைக்கும் பாத்திரத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இரும்புச் சட்டியும் ஆகாது. சிவப்பு மங்கிப் பழுப்பாக வந்தால் வேரைக் குறை சொல்லுமுன் நீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் இரும்பு இருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால், முதல் தடவை அதிலேயே தோய்ப்பது நல்லது.