முப்பது மதிப்பெண் தாள்

எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறார். "ஐயா, இதை வலது கையில வாங்கி, ரெண்டா மடிச்சு, தரையில வைங்க." வாங்கினால் ஒரு மதிப்பெண், மடித்தால் ஒன்று, தரையில் வைத்தால் இன்னொன்று. சற்று முன்பு பென்சிலையும் கைக்கடிகாரத்தையும் காட்டிப் பெயர் கேட்டிருப்பார். மூன்று சொற்களைச் சொல்லி, "ஞாபகம் வச்சுக்குங்க, அப்புறம் கேட்பேன்" என்றிருப்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியிருப்பார்: 93, 86, 79, 72, 65. கடைசியில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பத்து மூலையும் இருக்க வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நாற்கோணம் தெரிய வேண்டும். கோடு நடுங்கியிருந்தால் பரவாயில்லை.

எல்லாம் சரியென்றால் முப்பதுக்கு முப்பது. டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருக்குமோ என்று சந்தேகம் வரும்போது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் கையில் எடுக்கும் 'மினி மென்டல்' சோதனை இதுதான். நம் வீட்டுப் பெரியவர்களும் என்றாவது இதன் முன்னால் உட்கார நேரலாம். ஆகவே இது எங்கே பிறந்தது, எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

பிறந்த இடம், நியூயார்க் நகருக்கு வடக்கே ஒயிட் பிளெயின்ஸில், கார்னெல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மனநல மருத்துவமனை. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், அவர் மனைவி சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகிய மூவரும் 1975இல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அன்று புழக்கத்தில் இருந்த சோதனைகளுக்குக் குறைந்தது அரை மணி நேரமாவது பிடிக்கும். மனம் குழம்பியிருக்கும் முதியவர் அவ்வளவு நேரம் ஒத்துழைக்க மாட்டார். படுக்கையருகிலேயே ஐந்து பத்து நிமிடத்தில் முடிகிற ஒன்று தேவைப்பட்டது. இன்னொரு சிக்கலும் இருந்தது. மனச்சோர்வு முற்றிய முதியவர், மறதிநோய் வந்தவரைப் போலவே எதைக் கேட்டாலும் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு உரிய சிகிச்சை கொடுத்தால் தேறிவிடுவார். அவரை மறதிநோயாளி என்று ஒதுக்கிவிட்டால் அது பெரும் அநியாயம்.

தாள் நன்றாகவே வேலை செய்தது. மறதிநோயாளிகளின் சராசரி 9.7, நலமாக இருந்தவர்களின் சராசரி 27.6. மனச்சோர்வால் மதிப்பெண் இறங்கியவர்களோ, சிகிச்சைக்குப் பிறகு மேலே ஏறினார்கள். முழுமையான மருத்துவப் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது என்றும் அந்த மூவர் தெளிவாக எழுதிவைத்தார்கள். அதன் பிறகு நடந்த பல கோளாறுகள், அந்த எச்சரிக்கையை மற்றவர்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தவை.

தாள் கைக்குக் கை மாறியது. பயிற்சி மருத்துவர்கள் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள், பாடப்புத்தகங்கள் அச்சிட்டன. மெக்ஹ்யூவும் ஃபோல்ஸ்டீனும் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போக, தாளும் கூடவே போனது. 1982இல் அங்கேதான் ஜேம்ஸ் அந்தோணி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பொது மருத்துவப் பிரிவில் படுத்திருந்த நோயாளிகளிடம் இதை வைத்துப் பார்த்தார்கள். 23 அல்லது அதற்குக் கீழே வந்தால் சந்தேகம் என்ற எல்லைக்கோட்டுக்கு ஆதாரமாகப் பின்னாளில் பலரும் காட்டிய ஆய்வு அது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நோய் இல்லாமலேயே நோயாளி என்று இந்தத் தாள் காட்டிக்கொடுத்த அத்தனை பேரும் ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அத்தனை பேரும்! 1993இல் அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை அலசியபோதும் அதே கதைதான். ஒன்பது ஆண்டாவது படித்தவர்களின் நடுமதிப்பு 29. ஐந்து முதல் எட்டு ஆண்டு படித்தவர்களுக்கு 26. நாலாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் பள்ளிக்கே போகாதவர்களுக்கும் 22.

22 என்பது எல்லைக்கோட்டுக்குக் கீழே. பள்ளிக்கூடம் போகாத ஒரே காரணத்துக்காகப் பாதிப் பேர் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுவார்கள் என்று பொருள். இது அமெரிக்காவிலேயே நடந்தது. பிறந்த மண்ணிலேயே தாளின் குறை தெரிந்துவிட்டது.

ஆனாலும் அதன் அதிகாரம் கூடிக்கொண்டே போனது. 2006இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, டொனெபெசில் போன்ற மறதிநோய் மருந்துகளை அரசு செலவில் கொடுப்பதற்கு இந்த மதிப்பெண்ணையே வாசலாக வைத்தது. 10க்கும் 20க்கும் இடையில் இருந்தால் மருந்து உண்டு. 21 எடுத்தவர் இன்னும் மோசமாகும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்த எண்ணை அப்படியே பொருத்துவது பாரபட்சம் என்று 2007இல் நீதிமன்றம் சொன்னது. நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் மருந்து என்ற மாற்றம் 2011இல்தான் வந்தது.

இதற்கிடையில், இருபத்தைந்து ஆண்டுகள் இலவசமாகச் சுற்றிய தாளுக்கு விலையும் வந்தது. 2001இல் பிஏஆர் என்ற அமெரிக்க நிறுவனம் தனி உரிமம் பெற்றது. 2011 வாக்கில் ஒரு தாளுக்கு 1.23 டாலர். ஹார்வர்டு மருத்துவர்கள் 'ஸ்வீட் 16' என்ற பெயரில் ஒரு சிறிய இலவசச் சோதனையை உருவாக்கி இணையத்தில் வைத்தார்கள். காப்புரிமைப் பிரச்சினையால் அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று என்ன தேதி என்று ஒரு நோயாளியைக் கேட்பதற்கும் ஒரு தாளை மடிக்கச் சொல்வதற்கும் உரிமைத்தொகை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மருத்துவர்கள் வேறு சோதனைகளைத் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சியாட்டிலில் சூ போர்சன் உருவாக்கிய 'மினி காக்' மூன்று சொல், ஒரு கடிகாரப் படம் என்று மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். மான்ட்ரியலில் ஸியாத் நஸ்ரெத்தீன் உருவாக்கி 2005இல் வெளியிட்ட 'மோக்கா' கொஞ்சம் கடினம்; ஆனால் தொடக்க நிலைச் சரிவைப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். அவருடைய ஆய்வில், லேசான சரிவு உள்ள நூறு பேரில் மினி மென்டல் 18 பேரைக் கண்டுபிடித்தது. மோக்கா 90 பேரை. பன்னிரண்டு ஆண்டு வரைதான் படித்தவர் என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு. கையெழுத்தே போடத் தெரியாதவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு?

அவர்களுக்காக உழைத்தவர்கள் வேறு. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் மேரி கங்குலியும் அவருடைய இந்திய சகாக்களும் இந்தத் தாளைப் பிரித்து மேய்ந்தார்கள். 'கண்களை மூடவும்' என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லும் கேள்வியை எடுத்துவிட்டு, "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்றார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும். ஏழு ஏழாகக் கழிக்கும் கணக்குக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லலாம். 1995இல் வெளிவந்த இந்த இந்தி வடிவம்தான், இந்திய முதியோரிடம் நடத்தப்பட்ட லாசி-டாட் ஆய்வு வரைக்கும் வேலை செய்திருக்கிறது. அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது என்ற மதிப்பீடு அந்த ஆய்விலிருந்து வந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முக்கியமான அத்தியாயம் உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்ற ஆதங்கம்தான் அந்தப் பெயர். சென்னையும் வேலூர் மாவட்டக் கிராமங்களும் அவர்களுடைய ஆய்வுக் களங்கள். அவர்கள் கையில் எடுத்த சோதனைகளில் ஒன்று, கனடாவின் க்ரீ பழங்குடியினரிடம் உருவாகி, நைஜீரியாவின் இபாதான் வழியாக வந்தது. அது முதியவரை மட்டும் கேட்பதில்லை. அவரோடு வாழ்பவரையும் கேட்கும்.

கேட்டார்கள். 2008இல் முடிவு வெளிவந்தபோது, வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி இந்தியக் கிராமப்புறத்தில் நோய் இருந்தவர்கள் வெறும் 0.3 சதவீதம். அதே ஆய்வில் கியூபாவில் 6.3. நம் கிராமத்துக் காற்றும் களியும் காத்ததாகப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. வீட்டார் பலர் குறை எதையும் சொல்லவில்லை. மருமகள் சமைக்கிறாள், மகன் ரேஷன் வாங்குகிறான், பேரன் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் எந்த வேலையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் தவறுவதும் தெரிவதில்லை. "வயசாச்சுன்னா மறதி வரத்தானே செய்யும்" என்று பரிவோடுதான் சொல்கிறோம். அந்தப் பரிவுதான் நோயை மறைத்துவிடுகிறது. படிக்காத பாட்டியை நோயாளி என்கிறது ஒரு தாள். நோய் வந்த பாட்டியை நன்றாக இருக்கிறார் என்கிறது வீடு. இந்த இரண்டு பிழைக்கும் நடுவில்தான் நம் முதியவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் அம்மாவையோ தாத்தாவையோ இந்தச் சோதனைக்கு அழைத்துப்போகும்போது கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். எத்தனையாவது வரை படித்தார் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கிழமையையும் ஆடி, ஆவணியையும் வைத்து நாள் கணக்குப் பார்ப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்கு முன்பு செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்ட வேலைகளை எழுதிக்கொண்டு போங்கள்: சில்லறை எண்ணுவது, ரசம் வைப்பது, கோயிலுக்குத் தனியாகப் போய்த் திரும்புவது. மதிப்பெண் குறைந்தால், மனச்சோர்வா, தைராய்டா, பி12 குறைவா, சாப்பிடும் மாத்திரைகளின் வேலையா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். மதிப்பெண் நன்றாக இருந்தும் உங்கள் சந்தேகம் தீரவில்லை என்றால், ஆறு மாதம் கழித்து மறுபடியும் அழைத்துப்போங்கள்.