ஜீவனாம்சமும் ஒரு மாதச் சிறையும்

ஜீவனாம்சம் என்றதும் உங்களில் பலருக்கு சி.சு. செல்லப்பாவின் நாவல் நினைவுக்கு வரும். அதில் வருவது ஒரு விதவை, கணவன் வீட்டுக் குடும்பச் சொத்திலிருந்து கேட்க வேண்டிய பங்கு. அது சிவில் நீதிமன்றத்து விஷயம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இன்னொரு ஜீவனாம்சம். கணவன் உயிரோடு இருக்கிறான், சம்பாதிக்கிறான், மாஜிஸ்திரேட் மாதாமாதம் பணம் கட்டு என்று உத்தரவும் போட்டுவிட்டார், ஆனாலும் கட்டவில்லை. அப்போது அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்கிற சட்டம். இலங்கைத் தமிழர் இதைத் தாபரிப்பு என்பார்கள்.

கடன் கட்டாதவனைச் சிறையில் அடைக்கும் பழைய வழக்கத்தை இங்கிலாந்து 1869ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தால் பெரும்பாலும் கைவிட்டது. விதிவிலக்காகத் தப்பிப் பிழைத்தவற்றில் மனைவிக்குக் கட்ட வேண்டிய பணமும் ஒன்று. மளிகைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கிக்கு இல்லாத சிறை இதற்கு மட்டும் ஏன்? மனைவிமேல் இரக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சட்டம் பிறந்த இடத்தில் இரக்கம் அதிகம் தென்படவில்லை.

1824இல் இங்கிலாந்து நாடோடிகள் சட்டம் ஒன்றை இயற்றியது. உழைக்கத் தெம்பிருந்தும் வேண்டுமென்றே குடும்பத்தைக் காப்பாற்றாமல் விட்டு, அந்தக் குடும்பம் பாரிஷின் தலையில் விழுந்தால், அவனைச் சோம்பேறி, ஒழுங்கற்றவன் என்று தீர்மானித்து ஒரு மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். பாரிஷ் என்பது கத்தோலிக்கர் பங்கு என்றும் சி.எஸ்.ஐ. சபையார் சேகரம் என்றும் சொல்கிறோமே, அதுதான். அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் செலவு, அந்த வட்டாரத்தில் நிலம், வீடு வைத்திருந்தவர்கள் கட்டிய வரியிலிருந்து வந்தது. கைவிடப்பட்ட மனைவி பசியோடு இருக்கிறாள் என்பதைவிட, அவள் பசிக்கு நாம் வரி கட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் சட்டத்தின் கவலை.

இந்தக் கவலை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜீவனாம்சப் பிரிவு உண்டு. 1872இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதியவர் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். நம் கூட்டத்துக்கு ஒரு துணுக்கு: வர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா. இந்தப் பிரிவின் நோக்கம் மனைவிமக்கள் தெருவில் திரிவதைத் தடுப்பது, அல்லது குறைந்தபட்சம் அதன் விளைவுகளைத் தடுப்பது என்று அவர் மறைக்காமல் சொன்னார். இந்திய நீதிமன்றங்கள் பிற்காலத் தீர்ப்புகளிலும் இதை எடுத்துக்காட்டியிருக்கின்றன.

1973ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். எட்டாம் அத்தியாயம், சந்தேகப் பேர்வழிகளிடமும் வழக்கமான குற்றவாளிகளிடமும் நன்னடத்தைப் பத்திரம் வாங்குவது பற்றி. பத்தாம் அத்தியாயம், சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பற்றி. இரண்டுக்கும் நடுவே ஒன்பதாவதாக உட்கார்ந்திருப்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஜீவனாம்சம். கல்யாணச் சட்டங்களோடு அதற்கு இடமில்லை. ஊர் அமைதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிறப்பினால் ஒரு நன்மையும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பசிக்கு மதம் இல்லை என்பதால் சட்டமும் மதம் கேட்கவில்லை. கிறிஸ்தவப் பெண்களையே எடுத்துக்கொள்வோம். 1869ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அவனுடைய விபசாரத்தோடு கொடுமையையோ இரண்டு ஆண்டுக் கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது தரும் இடைக்கால ஜீவனாம்சம் கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் மாறியது 2001இல்தான். மாவட்ட நீதிமன்றப் படி ஏற வசதியில்லாத பெண்ணுக்கு, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் திறந்திருந்த வாசல். ஆலயத்தில் தாலி கட்டினாயா, கோயிலில் கட்டினாயா, நிக்காஹ் செய்தாயா என்று அங்கே கேட்கவில்லை.

ஆனால் நாடோடிச் சட்டத்தின் கஞ்சத்தனமும் கூடவே வந்தது. பட்டினி கிடக்காமல் இருந்தால் போதும் என்பதால் தொகைக்கு உச்சவரம்பு. முதலில் மாதம் 50 ரூபாய், 1923இல் 100, 1955இல் 500. அந்த 500 ரூபாய் 2001 வரை, 46 ஆண்டுகள் அசையவில்லை. அந்த வரம்புக்குள்ளும் எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிந்தது என்பதற்கு இந்தூரின் ஷா பானு வழக்கு சாட்சி. மாஜிஸ்திரேட் கொடுத்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் நாடே மதச் சண்டையில் இறங்கியது. அந்த இரைச்சலில் தொகையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வயதான ஒரு பெண் 179 ரூபாய் 20 காசில் மாதம் முழுவதும் எப்படி வாழ்வாள் என்பது என் கேள்வி.

இனி சிறைக்கு வருவோம். ஜீவனாம்சம் கட்டாதது இந்தச் சட்டத்தில் குற்றமே அல்ல. குற்றப்பத்திரிகை இல்லை. முதலில் அபராதம் வசூலிப்பது போலச் சொத்தைப் பிடிக்க வாரண்ட். அதிலும் வராவிட்டால், பாக்கி நிற்கும் மாதத்துக்கு ஒரு மாதம் வரை சிறை, 'அல்லது பணம் கட்டும் வரை'. அந்த நான்கு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சிறைச் சாவி அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பணத்தை எடுத்தால் கதவு திறக்கும். ஊர்ப் பேச்சில் மட்டும், புருஷனை உள்ளே தள்ளியவள் என்ற பெயர் அவளுக்கு.

கணவன்மாரும் சளைக்கவில்லை. மனு போட்டதும் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு, இப்போது அவள் என் மனைவி இல்லை என்றார்கள். அதனால்தான் 1973இல் மனைவி என்ற சொல்லுக்குள் விவாகரத்தான பெண்ணையும் சேர்த்தார்கள். இன்னொரு வாதம்: சிறையில் இருந்துவிட்டேன், கடன் தீர்ந்தது. 1988இல் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. சிறை, பணத்தை வசூலிக்க ஒரு வழி. பணம் தந்தால்தான் கடன் தீரும். இந்தத் தீர்ப்புக்கு நான் ஆயிரம் நன்றி சொல்வேன். ஆனால் 1999இல் அதே நீதிமன்றம், மாஜிஸ்திரேட் ஒரு மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது, மறுபடி கட்டாவிட்டால் அவள் மறுபடி மனு போடட்டும் என்றது. படியேறுகிற வேலை அவளுடையது.

இதே ஒரு மாதக் கணக்கு மற்ற ஊர்களிலும் உண்டு. இலங்கையின் 1889ஆம் ஆண்டுத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம், மலேயாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டம், சிங்கப்பூரின் 1961ஆம் ஆண்டு மகளிர் சாசனம், எல்லாவற்றிலும் பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. இலங்கை 1999இல் புதிய சட்டம் இயற்றி, கணவனும் மனைவியிடம் கேட்கலாம் என்று ஆக்கியது.

கடல் கடந்து போனவனை என்ன செய்வது? பிரிட்டிஷ் பேரரசில் 1920இல் இங்கிலாந்தும் 1921இல் இந்தியாவும் இதற்கென்றே சட்டம் இயற்றின. ஏற்பாடு செய்துகொண்ட பகுதிகளுக்கு இடையே ஒரு நீதிமன்றத்தின் உத்தரவை மற்றதற்கு அனுப்பி அங்கே வசூலிக்கலாம். கணவன் ஏற்கெனவே போய்விட்டால் இங்கே தற்காலிக உத்தரவு. அவன் இருக்கும் ஊர் நீதிமன்றம் அவனைக் கூப்பிட்டு விசாரித்து உறுதிசெய்யும். கப்பலேறினால் தப்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் அன்றைக்கே போதுமான அளவுக்கு இருந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் சட்டம் எதற்கு?

சிறைக்குள் போனவன் கூலி இழக்கிறான், அவளுக்கு வர வேண்டியதும் அதோடு போகிறது. இங்கிலாந்து 1958இல் இதைப் புரிந்துகொண்டு, ஜீவனாம்சத்தைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள வழி செய்தது. மாதச் சம்பளக்காரனுக்கு இது சரி. அன்றாடங்காய்ச்சிக்கும் கணக்கில் வராத வியாபாரிக்கும் பிடிக்கச் சம்பளச் சீட்டு ஏது? அங்கே சிறை பயம்தான் மிஞ்சுகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பழைய சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 125ஆம் பிரிவு இப்போது 144. ஒரு மாதச் சிறை அப்படியே இருக்கிறது. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் அவள் மனு போட வேண்டும் என்பதும் அப்படியே இருக்கிறது.