பாதம் எரியுதா? பெடலை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க! - ரோடு பைக் ரைடர்களுக்கு ஒரு கைடு

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. நாகர்கோவில்ல கிளம்பி, சுசீந்திரம் தாண்டி, கன்னியாகுமரியில ஒரு டீ. அங்கிருந்து 7 கிலோமீட்டர் மிதிச்சா வட்டக்கோட்டை. மார்த்தாண்ட வர்மா காலத்துல, டச்சுக்காரர் டிலனாய் மேற்பார்வையில கட்டி முடிச்ச கருங்கல் கோட்டை. மேல ஏறி நின்னா கடல் காத்து முகத்துல அடிக்கும். போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனா உங்களுக்கு அந்த நேரத்துல போட்டோ எடுக்கத் தோணாது. முதல் வேலையா ஷூவைக் கழட்டி, பாதத்தைத் தேய்ச்சுட்டு உட்கார்ந்திருப்பீங்க. பெருவிரலுக்குப் பின்னாடி நெருப்பு வச்ச மாதிரி எரிச்சல், இல்லைன்னா சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போன உணர்வு. கூட வந்த நண்பர் உடனே சொல்லுவார்: "பெடலை மாத்து மக்கா, எல்லாம் சரியாயிரும்."

சரியாகுமா? சில பேருக்கு ஆகும். பல பேருக்கு ஆகாது. சில ஆயிரம் ரூபாயைச் செலவு பண்றதுக்கு முன்னாடி, வலி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் முக்கியம்.

'கிளிப்லெஸ்'னு ஏன் பேரு?

காலை 'கிளிக்'னு மாட்டுற பெடலுக்கு 'கிளிப் இல்லாதது'ன்னு பேரு வச்சது பல பேரைக் குழப்பும். முன்னாடி ரேஸ் சைக்கிள்கள்ல பாதத்தைப் பிடிச்சுக்க உலோகக் கூடும் தோல் வாரும் இருக்கும். அந்தக் கூட்டுக்குத்தான் 'டோ கிளிப்'னு பேரு. அது இல்லாத பெடல் என்பதால் 'கிளிப்லெஸ்'.

பனிச்சறுக்கு காலணிகளைப் பலகையோட பூட்டும் கருவிகளைச் செய்துவந்த பிரான்ஸ் நிறுவனம் லுக். அதே நுட்பத்தை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பெர்னார்ட் ஹினோ அந்தப் பெடலோட டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார். அதுக்கப்புறம் உலகமே மாறிடுச்சு. 1990-ல் ஷிமானோ, மவுன்டன் பைக்குக்காக எஸ்.பி.டி பெடலைக் கொண்டுவந்தது.

ஷூவின் அடியில் மாட்டுற சின்ன கட்டைக்குப் பேரு கிளீட். வலியைப் பத்திப் பேசும்போது பெடலைவிட இந்தக் கிளீட்தான் முக்கியமான ஆள்.

ஏன் வலிக்குது?

ஒரு கணக்கு போடுங்க. நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிச்சா, ஒரு மணி நேரத்துக்கு 4,800. நாலு மணி நேர ரைடுல ஒவ்வொரு காலும் 19,200 தடவை அதே இடத்துல, அதே கோணத்துல அழுத்துது. நடக்கும்போது பாதம் உருளும், எடை குதிகாலிலிருந்து விரலுக்கு மாறும். கிளீட் போட்ட சைக்கிள்ல அது நடக்காது. கிளீட்டோட இடம் கொஞ்சம் தப்பினாலும், அந்தத் தப்பு 19,200 தடவை திரும்ப நடக்கும்.

பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கிப் போகும் 5 நீள எலும்புகளுக்கு இடையில் நரம்புகள் ஓடுது. ஷூ இறுக்கமா இருந்தாலோ, ஒரே இடத்துல அழுத்தம் விழுந்தாலோ அந்த நரம்புகள் நசுங்கும். எரிச்சலும் மரத்துப்போறதும் அதனாலதான்.

நம்ம ஊரு விஷயம் ரெண்டு இதுல சேரும். ஒண்ணு, வெயில். சூட்டுல பாதம் வீங்கும். காலையில 5 மணிக்குச் சரியா இருந்த ஷூ, 9 மணிக்கு இறுக்கும். இன்னொண்ணு, காத்து. தென்மேற்குப் பருவக்காத்து சீசன்ல திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி வழியா நாகர்கோவில் வர்றவங்களுக்குத் தெரியும். முப்பந்தல் காத்தாலைகளைச் சுத்துற அதே காத்து உங்க நெஞ்சுல அடிக்கும். அப்போ கனமான கியர்ல மெதுவா மிதிச்சா, ஒவ்வொரு மிதிக்கும் பாதத்துல விழுற அழுத்தம் கூடும். கியரைக் குறைச்சு, வேகமா சுத்துங்க. இதுக்குப் பைசா செலவில்லை.

வலி எங்கே? அதுதான் துப்பு

* பெருவிரல் மேட்டுல எரிச்சல்: கிளீட் ரொம்ப முன்னாடி இருக்கலாம். ஷூவோட அடிப்பாகம் வளையலாம். கிளீட் தேய்ஞ்சு ஆட்டம் கண்டிருக்கலாம்.
* 3-வது, 4-வது விரல் மரத்துப்போறது, கூழாங்கல்லை மிதிக்கிற மாதிரி உணர்வு: ஷூவோட முன்பக்கம் குறுகலா இருக்க வாய்ப்பு அதிகம். இதை நீண்ட நாள் விட்டா நரம்பைச் சுத்தி தடிப்பு வரலாம். டாக்டர்கள் இதை 'மார்ட்டன் நியூரோமா'ன்னு சொல்வாங்க.
* பாதத்தின் வெளி ஓரத்துல வலி: ரெண்டு பாதத்துக்கும் இடையிலான அகலம் உங்க இடுப்புக்குப் பொருந்தாம இருக்கலாம்.
* பாதத்தோட முட்டியும் வலிக்குது: கிளீட்டோட கோணம் தப்பு, இல்லைன்னா கால் திரும்ப இடமே இல்லை.

முதல் ரவுண்டு: பெடலைத் தொடாதீங்க

கீழே இருக்கிற வரிசையிலேயே செய்யுங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அதுக்கப்புறம் ரெண்டு ரைடு போய்ப் பாருங்க. ஒரே நாள்ல மூணு விஷயத்தை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

1. வாரைத் தளர்த்துங்க. கிளம்பும்போது முன்பக்க வாரை லூசா விடுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்க. தடிமனான சாக்ஸுக்குப் பதிலா மெல்லிசான சாக்ஸ் போடுங்க.

2. ஷூ அகலத்தைச் சோதிங்க. ஷூ உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைங்க. சாயங்காலம், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்துல அதுமேல வெறுங்காலோட நில்லுங்க. சதை ரெண்டு பக்கமும் வழிஞ்சா ஷூ குறுகல். எந்தப் பெடலும் இதைச் சரிபண்ணாது. நம்மள்ல பல பேர் சின்ன வயசுல செருப்போடவும் வெறுங்காலோடவும் திரிஞ்சவங்க, முன்பாதம் அகலமா இருக்கும். நீளத்துல பெரிய சைஸ் வாங்குறது தீர்வில்லை. 'வைட்'னு தனியா வரும் மாடலைக் கேளுங்க.

3. கிளீட்டைப் பின்னாடி தள்ளுங்க. பெரும்பாலும் பலன் தர்ற மாற்றம் இதுதான். ஷூ போட்டுக்கிட்டு, பெருவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் எங்கே இருக்குன்னு தடவிப் பார்த்து மார்க்கர்ல குறிங்க. பெடலோட அச்சு இந்த ரெண்டு குறிக்கும் நடுவுல வரணும். பழைய இடத்தை மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுட்டு, 3 மி.மீ. 3 மி.மீ-ஆ பின்னாடி கொண்டுபோங்க. நிறைய தள்ளினா சீட்டையும் ஓரிரு மி.மீ. இறக்கணும்.

4. இன்சோல். பாத வளைவுக்குத் தாங்கல் கிடைச்சா முன்பாதத்துல விழுற பாரம் பரவும். எலும்பு மேட்டுக்குச் சற்றுப் பின்னாடி ஒட்டுற சின்ன 'மெட்டடார்சல் பேட்'டும் உதவும். வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டிட்டா வலி கூடத்தான் செய்யும்.

இந்த நாலுலயே பல பேரோட பிரச்னை முடிஞ்சிடும். முடியலைன்னா அடுத்த ரவுண்டு.

ரெண்டாவது ரவுண்டு: எப்போ பெடலை மாத்தலாம்?

பெடல் மாத்துறதால கிடைக்கிறது மூணே விஷயம்தான்: தாங்குற பரப்பு, கால் திரும்புற சுதந்திரம், ரெண்டு பாதத்துக்கு இடையிலான அகலம். உங்க வலிக்குக் காரணம் இந்த மூணுல ஒண்ணா இருந்தா மட்டும் மாத்துங்க.

பரப்பு: எஸ்.பி.டி கிளீட் தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். வளையும் அடிப்பாகம் உள்ள ஷூவோட இதைப் போட்டா, கிளீட்டோட வடிவமே பாதத்துல தெரியும். ஷிமானோ எஸ்.பி.டி-எஸ்.எல், லுக் கியோ மாதிரி 3 துளை கிளீட் பெரிசு. அழுத்தம் பரவும். ஆனா உங்க ஷூவோட அடிப்பாகம் ஏற்கெனவே கட்டியா இருந்தா இந்த வித்தியாசம் குறைவு. அப்போ புதுப் பெடலைவிடக் கட்டியான ஷூதான் சரியான செலவு.

திரும்புற சுதந்திரம்: இதுக்குப் பேரு 'ஃப்ளோட்'. மேஜை மேல உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்க. விரல்கள் நேராப் பார்க்குதா, வெளியே திரும்புதா? உங்க கால் இயல்பா எப்படி இருக்கோ அப்படியே பெடல்லயும் இருக்க இடம் வேணும். நல்ல செய்தி என்னன்னா, இதுக்குப் பெடலை மாத்தாம கிளீட்டை மட்டும் மாத்தினாலே போதும். ஷிமானோ எஸ்.பி.டி-எஸ்.எல்-ல் சிவப்புக் கிளீட் 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஆமா, ஒரு கம்பெனியோட சிவப்புல அசைவே கிடையாது, இன்னொரு கம்பெனியோட சிவப்புலதான் அதிக அசைவு. செகண்ட் ஹேண்ட் வாங்குறப்போ கவனம்!

9 டிகிரியும் பத்தலைன்னா ஸ்பீட்பிளே பாருங்க. 2019-லிருந்து இது வாஹூ கம்பெனி கையில் இருக்கு. இதோட ஜீரோ மாடல்ல 0 முதல் 15 டிகிரி வரை நாமளே செட் பண்ணலாம். டைம் பெடல்ல பாதம் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும்.

அகலம்: வெளி ஓரத்துல வலி இருக்கிறவங்க, முதல்ல கிளீட்டைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்க. போதலைன்னா ஷிமானோவின் சில மாடல்கள் 4 மி.மீ. நீளமான அச்சோட வருது. ஸ்பீட்பிளேயில் பல நீளங்கள்ல அச்சு உண்டு.

வாங்குறதுக்கு முன்னாடி ஷூவைத் திருப்பிப் பாருங்க. 2 துளையா, 3 துளையா? எஸ்.பி.டி-க்கு 2 துளை. எஸ்.பி.டி-எஸ்.எல், லுக், டைம் ரோடு பெடல்களுக்கு 3 துளை. ஸ்பீட்பிளேயோட 4 துளை அமைப்பை அடாப்டர் தகடு வச்சு 3 துளை ஷூவில் மாட்டலாம். துளை பொருந்தலைன்னா பெடல் செலவோட ஷூ செலவும் சேரும்.

வட்டக்கோட்டைக்கு எது பெஸ்ட்?

நீங்க போற இடத்தையும் யோசிங்க. பெரிய 3 துளை கிளீட்டோட கருங்கல் தளத்துல நடந்தா வழுக்கும், கிளீட்டும் தேயும். கடற்கரை மணல் கிளீட்டுக்குள்ள போனா மாட்டவும் வராது, கழலவும் வராது. ரப்பர் கவர் ஒரு ஜோடி பாக்கெட்ல இருக்கட்டும். நிறுத்தி நிறுத்தி ஊர் பார்க்கிற ரைடருக்கு, கட்டியான அடிப்பாகமும் உள்ளே புதைஞ்ச எஸ்.பி.டி கிளீட்டும் உள்ள ஷூ வசதி. ஷிமானோ எஸ்.பி.டி கிளீட் மாட்டுற சாண்டல்கூட வெளியிட்டிருக்கு. பாதம் வீங்குறவங்களுக்கு வரம்.

இன்னொரு உண்மையும் சொல்லணும். அகலமான சாதாரண ஃப்ளாட் பெடல்ல ஓட்டுறது அவமானம் இல்லை. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துல முடிக்கணும்கிற பிரவே ரைடுகளை ஃப்ளாட் பெடல்ல முடிக்கிறவங்களும் இருக்காங்க.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

* இடது பெடலோட மரை தலைகீழா இருக்கும். ஒரே ஒரு விதியை ஞாபகம் வச்சுக்கோங்க: மேல்நோக்கி நிக்கிற ஸ்பேனரைப் பின்சக்கரம் பக்கம் தள்ளினா கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினா இறுகும். ரெண்டு பெடலுக்கும் இதே விதிதான்.
* மரையில் கிரீஸ் தடவுங்க. உப்புக்காத்துல கிரீஸ் இல்லாம மாட்டின பெடல் துருப்பிடிச்சு ஒட்டிக்கும்.
* புதுப் பெடல்ல ஸ்பிரிங் டென்ஷன் ஸ்க்ரூ இருந்தா முழுசா தளர்த்திட்டு ஆரம்பிங்க.
* சுவத்தைப் பிடிச்சுட்டு ஒவ்வொரு காலையும் 50 தடவை மாட்டிக் கழட்டுங்க. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா கழலும். ஃப்ளோட் அதிகமான கிளீட்ல இன்னும் கொஞ்சம் அதிகமா திருப்பணும். பழைய பழக்கத்துல இழுத்துட்டு நின்னா அப்படியே பக்கவாட்டுல விழுவீங்க. வீட்டு முற்றத்துல விழுந்தா சிராய்ப்போட போயிடும், பின்னாடி பஸ் வர்ற ரோட்ல அப்படி இல்லை. சிக்னலுக்கு முன்னாடியே ஒரு காலை விடுவிச்சிடுங்க.
* முதல் ரெண்டு வாரம் 20, 30 கிலோமீட்டருக்கு மேல வேண்டாம். முட்டியும் பழகணும்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியும் மரத்துப்போனது போகலையா? நடக்கும்போதும் வலிக்குதா? எலும்பு மேல ஒரே புள்ளியில தொட்டா வலி, வீக்கம் இருக்கா? பெடல் தேடுறதை நிறுத்திட்டு எலும்பு சிகிச்சை நிபுணரைப் பாருங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்க பாதத்துல உணர்வு குறைஞ்சா ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது.

மத்தவங்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஒரு 4 மி.மீ. ஆலன் கீயைப் பாக்கெட்ல போட்டுக்கோங்க. வட்டக்கோட்டை நிழல்ல உட்கார்ந்து, கிளீட்டை 3 மி.மீ. பின்னாடி தள்ளிட்டுத் திரும்பி வாங்க. நாகர்கோவில் வந்து சேரும்போது எரிச்சல் குறைஞ்சிருந்தா, புதுப் பெடலுக்கு வச்ச காசு மிச்சம்!