சிலைக்குக் கீழே இருக்கும் கல்

ஒரு சிலையைப் பார்க்கும்போது நம் கண் பீடத்துக்குப் போவதே இல்லை. ஒரு சதுரக் கல், அதில் தலைவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் (இது சில இடங்களில் இன்னும் பெரிய எழுத்தில்!). அவ்வளவுதான். இந்தப் பீடத்துக்காகவே மெனக்கெட்ட இரண்டு நண்பர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1875-இல் நியூயார்க்கில் ஒரு கட்டிடத்தின் படிக்கட்டில் போய்க்கொண்டிருந்த இளைஞருக்கு, யாரோ பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியைத் தொண்டை கிழியப் பாடுவது கேட்டது. பாடியவர் செருப்புத் தைப்பவரின் மகனான சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். கேட்டவர் கட்டிடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு ஒயிட். நட்பு அங்கே ஆரம்பித்தது.

உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி ஃபராகட்டின் சிலை செயின்ட் காடன்ஸுக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு. 1878-இல் ஒயிட் பாரிசுக்கே போய் அவருடன் தங்கினார். வழக்கமான சதுரக் கல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அரைவட்டமாக வளைந்த நீண்ட கல் இருக்கை, அதன் முதுகில் கடல் அலைகள், இரண்டு பெண்களின் புடைப்புருவங்கள், நடுவில் காற்றில் கோட்டு பறக்க நிற்கும் தளபதி. 1881-இல் மேடிசன் சதுக்கத்தில் திறந்தார்கள். இதில் எது கட்டிடக் கலை, எது சிற்பம் என்று பிரிக்க முடியுமா? எனக்குத் தெரிந்து முடியாது!

எல்லாமே சரியாக அமைந்துவிடவில்லை. ஒயிட் கட்டிய மேடிசன் ஸ்கொயர் கார்டன் கோபுரத்தின் உச்சியில் 1891-இல் செயின்ட் காடன்ஸின் டயானா சிலை ஏறியது. உயரம் 18 அடி! கோபுரத்துக்குப் பெரிதாகத் தெரிந்ததால் இறக்கிவிட்டு, 1893-இல் 13 அடியில் வேறொன்றை வைத்தார்கள். நட்பு என்றால் இப்படி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் பொறுமையும்தான் போலிருக்கிறது.

1906-இல் அதே கட்டிடத்தின் மாடியில் ஒயிட் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரின் மனைவி எவலின் நெஸ்பிட், தன் பதின்ம வயதில் ஒயிட் தன்னைச் சீரழித்ததாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கலையைப் புகழும்போது இதை மறைப்பது நியாயமாகாது. அடுத்த வருடமே செயின்ட் காடன்ஸும் புற்றுநோயால் இறந்தார்.

கோபுரத்தை 1925-இல் இடித்துவிட்டார்கள். டயானா இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். ஃபராகட் சிலையின் பீடம் மென்மையான கல் என்பதால் வெயிலிலும் பனியிலும் சிதைய ஆரம்பித்தது. 1930-களில் அதே வடிவத்தைக் கிரானைட்டில் செதுக்கி வைத்தார்கள். ஒயிட்டின் அந்தப் பழைய கல் இன்று நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷில், செயின்ட் காடன்ஸ் வாழ்ந்த வீட்டு வளாகத்தில் இருக்கிறது.