உச்சவரம்பு போனது, மருந்து வந்ததா?

சம்மாந்துறையிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். இலவச மருத்துவம் அவ்வளவு தூரத்தில் உள்ள நோயாளிக்கும் மெய்யாவது அமைச்சர்களின் தாராளத்தால் அல்ல, அரசு மருந்து வாங்கும் முறையால். இதைக் கொள்கையாக்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவர் தலைமையில் பிறந்த அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் (ஒசுசல கடைகள் அதனுடையவைதான்) இறக்குமதியை ஒரே கையில் திரட்டியது. வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரியது. விலை விழுந்தது, பகையும் முளைத்தது. 1974இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் தயாரித்துத் தர ஃபைசர் நிறுவனம் மறுத்தது. அந்த நிறுவனத்தை அரசுடைமையாக்கும் பேச்செழுந்ததும் அமெரிக்கத் தூதர் தலையிட்டார், அரசாங்கம் பின்வாங்கியது. 1977க்குப் பின், திறந்த பொருளாதாரத்தில், தனியார் சந்தைக்கான அந்த ஏகபோகமும் கரைந்தது.

புற்றுநோய் மருந்துகள் விலையேறியபோது அரசு கண்ட வழி, நோயாளி ஒருவருக்கு 15 இலட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துக்கு அது எளிதில் கரைந்துவிடும் தொகை. 2016இல் வரம்பு நீக்கப்பட்டது, நல்ல முடிவுதான். ஆனால் 2022இல் டொலர் வற்றியதும் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து, வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். வரம்பும் இல்லை, மருந்தும் இல்லை. உரிமையை அறிவிப்பது வேறு, கொள்வனவைக் காப்பது வேறு.

மலிவாக வாங்கினால் தரம் கெடும் என்பார்கள், 2023இன் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தைக் காட்டி. அங்கே நடந்தது மலிவு விலைக் கொள்வனவு அல்ல. பதிவையும் வழமையான பரிசோதனையையும் தாண்டிய அவசரக் கொள்வனவு. சிறிய நாடு எல்லாப் புதிய மருந்தையும் வாங்க முடியாது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் எல்லை, நோயாளியின் தலைக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கக்கூடாது. எந்த மருந்து எவ்வளவு ஆயுளைத் தருகிறது, அதற்கு எந்த விலை நியாயம் என்பதைப் பகிரங்கமாக ஆராய்ந்து வகுக்க வேண்டும். தாய்லாந்து 2007 முதல் அதற்கென்றே ஒரு நிறுவனம் வைத்து, அதன் கணக்கைக் காட்டி விலை பேசுகிறது.

மருத்துவச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புப் பயணம் மிச்சம், மகிழ்ச்சி. ஆயினும் நிதியம் உதவிதான், உரிமை அல்ல. கல்முனை, சம்மாந்துறை வைத்தியசாலைகளில் கையிருப்பில் இல்லாத மருந்துகளின் பெயரையும், அவை கடைசியாக வாங்கப்பட்ட விலையையும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.