பழைய மரப் படகுக்குள்ள பெயின்ட் உரிக்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க!

பழைய மரப் படகு ஒண்ணு கைக்கு வந்திருக்கு. உள்பக்கம் முழுக்க பெயின்ட் செதில் செதிலா உரிஞ்சு நிற்குது. 'ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தா முடிஞ்சிடும்'னு உப்புத்தாளை எடுக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

முதல் சிக்கல், ஈயம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சை பெயின்ட்டுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கணும். மரப் படகுகளுக்கு அடிப்பூச்சாக 'ரெட் லெட்' அடிக்கிற பழக்கமும் இருந்தது. அது ஈயம், ரெட் ஆக்ஸைடு வேற, அது இரும்பு. நிறத்தை மட்டும் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது. ஒரு சில்லைப் பெயர்த்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால காய்ந்த பெயின்ட்டில் மெஷின் வைத்துத் தேய்க்காதீங்க. தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டுங்க. சாதாரண துணி மாஸ்க் போதாது, பி100 ஃபில்டர் உள்ள மாஸ்க் வேணும். வேலை பார்த்த சட்டையோடு போய் குழந்தையைத் தூக்கவும் கூடாது.

அடுத்தது, பெயின்ட் ரிமூவர். பெரிய ஆபத்து இங்கதான் இருக்கு. டப்பாவில் 'மெத்திலீன் குளோரைடு' அல்லது 'டைகுளோரோமீத்தேன்'னு இருந்தா, படகுக்குள்ள திறக்கவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகு ஒரு கிண்ணம் மாதிரிதானே? ஆவி மேலே போகாமல் அடியிலேயே தேங்கும். நீங்க குனிஞ்சு சுரண்டுற இடமும் அதே அடிதான். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்குள் குனிந்து இதே வேலையைப் பார்த்தவர்களில், 2000 முதல் 2011 வரை குறைந்தது 13 பேர் இறந்திருக்காங்க. 2019-ல் இந்த ரசாயனம் கலந்த ரிமூவரை பொதுமக்களுக்கு விற்க அங்கே தடையே போட்டாங்க. பெட்ரோல் இன்ஜின் ஓடிய படகுன்னா இன்னொரு பயமும் உண்டு. பெட்ரோல் ஆவியும் அடியில்தான் தங்கும், அதுக்கு ஒரு பொறி போதும். அதனால ப்ளோ டார்ச் பக்கமே போகாதீங்க. ஹீட் கன்னும், அடிப்பகுதியைக் கழுவி நல்லா காற்றோட்டம் விட்ட பிறகுதான். அதையும் குறைந்த சூட்டில், பெயின்ட் குமிழி விடுற அளவுக்கு மட்டும் காட்டினால் போதும். பெயின்ட் புகைய ஆரம்பிச்சா, சூடு அதிகம்னு அர்த்தம்.

என்னைக் கேட்டா, கூர்மையான கார்பைடு ஸ்க்ரேப்பர்தான் முதல் சாய்ஸ். மரத்தின் ரேகை ஓடுற திசையிலேயே இழுங்க. பலகைகளின் இணைப்பில் பஞ்சு அடைத்திருப்பாங்க, அதுக்குள்ள ஸ்க்ரேப்பரோட மூலையை விட்டுடாதீங்க. இரும்பு நாரும் வேண்டாம். அதன் துணுக்குகள் மரத்தில் மாட்டித் துருப்பிடிச்சு, புது பெயின்ட் மேல கறையா வரும்.

எல்லாத்தையும் வெறும் மரம் தெரியுற வரை உரிக்கணும்னு அவசியமில்லை. கெட்டியா ஒட்டியிருக்கிற பெயின்ட்டை லேசா ஈரத்தேய்ப்பு செய்து, அதன் மேலேயே அடிக்கலாம். குமிழி விட்ட இடங்களில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்க. மெத்துன்னு உள்ளே இறங்கினா, அங்கே மரம் உளுத்திருக்கு. பெயின்ட்டுக்கு முன்னாடி ஆசாரியைத்தான் கூப்பிடணும்.

சுரண்டிய சில்லுகளைத் தண்ணியில கொட்டாதீங்க, கீழே தார்ப்பாய் விரித்துப் பிடிச்சு மூட்டை கட்டுங்க. படகை வெயில்ல வாரக்கணக்கில் போட்டும் வைக்காதீங்க. பலகை சுருங்கி இணைப்புகள் வாய் பிளந்துடும். நிழலில் காயட்டும்.